வயதைக் கருத்தில் கொண்டு

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் ஆன்ட்டி. உங்கள் வயதுக்குக் காற்று வேண்டும். எனக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

ஆன்ட்டி என்றது பிடிக்கவில்லையோ? முகம் மாறிவிட்டதே. சரி, அக்கா. கான்வென்டில் படித்த பழக்கம், வாயில் அப்படித்தான் வருகிறது. மரியாதையாகத்தான் பேசுகிறேன், மரியாதையாகத்தான் எழுதுகிறேன், கடைசியில் எல்லாரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

நீங்கள் எதுவரை? ஸ்ரீவைகுண்டமா. நான் செய்துங்கநல்லூரில் இறங்கிவிடுவேன். அதுவரைக்கும் கேளுங்கள். கேட்டுவிட்டு, நான் செய்ததில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். பெரியவர்களிடம் கேட்டால் தெளிவு கிடைக்கும். சரி சரி, பெரியவர்கள் இல்லை. விடுங்கள்.

தொழிலாளர் ஆபீசிலிருந்து வருகிறேன். காலையில் கடைக் காரில் போனேன், இப்போது பஸ்ஸில் திரும்புகிறேன். அதிலேயே பாதிக் கதை உங்களுக்குப் புரிந்திருக்கும்.

திருநெல்வேலி டவுனில் பெரிய ஜவுளிக்கடை. பேர் வேண்டாம், நீங்களே அங்கே சேலை எடுத்திருப்பீர்கள். அங்கே ஆபீசில் நான். கடிதம், ஈமெயில், ஆடிட்டருக்குப் பதில், சரக்கு அனுப்பாத கம்பெனியை அழகான வார்த்தையில் திட்டுவது, எல்லாம் நான்தான். கடையில் நூற்றுப்பத்துப் பேர் வேலை பார்க்கிறார்கள். இங்கிலீஷில் ஒரு பாரா பிழையில்லாமல் எழுதுகிறவள் நான் ஒருத்தி. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டில் பத்து மாதக் குழந்தை, நிவியா. அவள் அப்பா கப்பலில் போய்க்கொண்டிருந்தவர். ஒப்பந்தம் முடிந்து வந்து ஏழு மாதமாக வீட்டில்தான் இருக்கிறார். அடுத்த கப்பல் வரும் வரும் என்கிறார், வரவில்லை. என் வேலையில்தான் வீடு ஓடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா. அப்புறம் நீ ஏன் பயந்தாய் என்று கேட்கக் கூடாது.

தங்கபுஷ்பம் அக்கா என்று ஒருவர். பட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். பட்டுப் பிரிவில் சேலையைப் பிரித்துப் போட்டால் மட்டும் போதாது, வேலை பார்க்கிறவள் தன் தோளில் போட்டு, முந்தானையை விரித்து, இரண்டு அடி நடந்து காட்ட வேண்டும். அதில் தங்கபுஷ்பம் அக்காவை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணப் பெண்ணைப் பார்க்கவே மாட்டார். மாப்பிள்ளையின் அம்மா எந்தச் சேலையில் கண்ணை எடுக்காமல் இருக்கிறாரோ, அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார். சேலை விற்றுவிடும். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், “அந்த அம்மா இருக்காங்களா?” என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத்தான் மாடி ஏறுவார்கள்.

நாற்பத்தொன்பது வயது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்புவீர்கள், ஏனென்றால் முழங்கால் வலி இருந்தது, எனக்குத் தெரியும். அதனால்தான் நான் அப்படி எழுதினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வருஷம் தை மாதம் புது மேனேஜர் வந்தார், சிதம்பரநாதன் சார். அவருக்கே நாற்பத்தாறு, மை பூசியிருப்பதால் தெரியாது. வந்த மாதமே, தோளில் போட்டுக் காட்டுகிறவர்கள் எல்லாம் முப்பதுக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். ஒரே மாதிரி பிளவுஸ், ஒரே மாதிரி கொண்டை. தங்கபுஷ்பம் அக்காவை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்தே ஒரு வார்த்தை சொன்னார். வயதைப் பற்றித்தான். நான் மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அறையில் நாங்கள் மூன்று பேர்தான். அந்த வார்த்தையை நான் உங்களிடம் சொல்ல மாட்டேன், நாகரிகமான வார்த்தை இல்லை. அன்றைக்கே அக்காவை மூன்றாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள், மடிப்பு அறைக்கு. கீழே பிரித்துப் போட்ட சேலையெல்லாம் மூட்டையாக மேலே வரும். மடித்து மடித்துக் கீழே அனுப்ப வேண்டும். ஒரு முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அந்த மடிப்பு அறைக்கு நானும் தினமும் இரண்டு தடவை போவேன். குழந்தைக்குக் கொடுக்காமல் பால் கட்டிக்கொள்ளுமே, எடுத்துவிட்டால்தான் உட்கார முடியும். கடையில் ஆம்பிளைகள் வேலை பார்க்காத அறை அது ஒன்றுதான். ஆனால் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் உள்ளே இருக்கிற பதினைந்து நிமிஷமும் தங்கபுஷ்பம் அக்கா வெளியே கதவில் சாய்ந்துகொண்டு நிற்பார். மூட்டை தூக்கி வருகிறவனிடம், “அங்கனயே வச்சிட்டுப் போடே” என்பார். பெரிய உதவி என்று சொல்ல முடியாது, சும்மா நிற்பதுதான். ஆனாலும் உதவிதான்.

அங்கேதான் ஒருநாள் கேட்டார், தொழிலாளர் ஆபீசுக்கு ஒரு மனு எழுதிக் கொடு என்று. நான் மேனேஜர் ஆபீசில் இருக்கிறவள், மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டால் எழுதிக் கொடுப்பேன், அது என் குணம். பள்ளியில் எனக்குப் பத்தாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர் சிஸ்டர் கொர்னேலியா. கடிதத்தில் கோபம் தெரியக் கூடாது, படிக்கிறவர் முகம் சுளிக்கிற எதுவும் இருக்கக் கூடாது, முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்பார். அக்கா தமிழில்தான் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். நான் இங்கிலீஷில் எழுதினேன். இங்கிலீஷில் எழுதினால்தான் ஆபீசில் மதிப்பார்கள் என்று நானே சொன்னேன். இருபத்திரண்டு வருஷம் வேலை கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி என்று தொடங்கி, வருந்தத்தக்க சில சொற்களால் சிறிது அசௌகரியம் ஏற்பட்டுள்ளது, தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று முடித்தேன். மேனேஜர் சொன்ன அந்த வார்த்தையை எழுதவில்லை. எப்படி எழுத முடியும்? அக்கா இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

பத்து நாளில் தொழிலாளர் ஆபீசிலிருந்து கடைக்கு நோட்டீஸ் வந்தது. சார் அதை என் மேஜையில் போட்டார். “வேலையைக் குறைச்சுத்தானே குடுத்திருக்கோம், அப்படின்னு ஒரு பதில் எழுதிரும்மா, மரியாதையா இருக்கட்டும்” என்றார். எழுதினேன். அது என் வேலை இல்லையா? இந்தக் கையால் அதையும் எழுதினேன், அந்தக் கையால் இதையும் எழுதினேன். வக்கீல் எழுதினால் தப்பில்லை, டாக்டர் இரண்டு பேருக்கும் மருந்து கொடுத்தால் தப்பில்லை, நான் எழுதினால் மட்டும் தப்பா? அதுவும், அக்காவுக்கு நல்லது வரட்டுமே என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அவருடைய முதிர்ந்த வயதைக் கருத்தில் கொண்டு, அன்பின் பேரில், நிர்வாகம் இலகுவான பணி வழங்கியுள்ளது என்று. அழகான வரி. சார் அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அங்கேதான் எல்லாம் கெட்டது.

முதல் தடவை பேச்சுவார்த்தைக்குச் சாரும் தங்கபுஷ்பம் அக்காவும்தான் போனார்கள். அங்கே ஆபீசர் ஒரு அம்மா, ஓய்வை நெருங்கும் வயது. அக்காவின் மனுவை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இதில் புகார் எங்கே இருக்கிறது, நன்றிக் கடிதம் மாதிரி இருக்கிறதே என்று கேட்டாராம். அதற்கப்புறம் கடையின் பதிலை வாசித்திருக்கிறார். முதிர்ந்த வயது என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, “நாப்பத்தொம்பது முதிர்ந்த வயசாங்க? எனக்கு அம்பத்தேழு. நான் எங்க போய் மடிக்கணும்?” என்று சாரிடமே கேட்டாராம். வயதைச் சொல்லி ஒதுக்கினார்கள் என்று புகார் எழுத என் படிவத்தில் தனி இடம் இல்லை, ஆனால் நீங்களே காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள், நல்லது என்றாராம். போதாதற்கு, இரண்டு கடிதமும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி இருக்கிறதே, தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கிறதே என்று சிரித்தாராம். அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் என் ஞாபகம் வந்திருக்கிறது.

சார் கத்தவில்லை அக்கா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கே என்னை வீட்டுக்கு விடுவது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கேள்வி கேட்காமல் லீவு கொடுப்பது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினார். அடுத்த தடவை நீ வா என்றார். அந்த வரி நிர்வாகம் சொல்லி எழுதியது இல்லை, நானாக எழுதினேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கடைசியில், “பொய்யா சொல்லச் சொல்றேன்? உள்ளதைத்தானே சொல்லச் சொல்றேன்?” என்றார்.

அதுதான் அக்கா என் தலைவலி. அது உண்மைதான். அந்த வரி என்னுடையதுதான். ஆனால் நான் போய் அந்த உண்மையைச் சொன்னால் அக்காவின் மனுவில் மிச்சம் ஒன்றுமில்லை, மடிப்பு அறையிலேயே கிடக்க வேண்டியதுதான். சொல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. வீட்டில் அவரிடம் கேட்டேன். உண்மையைச் சொல்ல என்ன யோசனை என்றார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கபுஷ்பம் அக்கா அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. பதினைந்து நாள். நான் நல்லதுக்குத்தானே எழுதினேன் என்று சொல்லிப் பார்த்தேன், சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். ஆனால் நான் பால் எடுக்கப் போனால் மட்டும் எழுந்து வெளியே போய்க் கதவில் சாய்ந்து நின்றார். தினமும் இரண்டு தடவை. ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அதுதான் எரிச்சல். பேசாதவர் நிற்கவும் வேண்டாமே. கோபம் என்றால் முழுசாகக் கோபமாக இருக்க வேண்டும், இப்படி அரைகுறையாக இருந்தால் நான் என்ன செய்வது, சொல்லுங்கள். ஒருநாள் உள்ளே உட்கார்ந்தபடியே, நீங்கள் நிற்க வேண்டாம், முழங்கால் வலிக்கும் என்றேன். “வயசப் பத்தி எங்கிட்ட இனி ஒரு வார்த்த பேசப்பிடாது” என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. பதினைந்து நாளில் அவர் பேசியது அவ்வளவுதான். நான் முழங்காலைத்தான் சொன்னேன்.

இன்றைக்குக் காலையில் போனோம். காரில் முன்சீட்டில் சார், பின்சீட்டில் நான். ஆபீஸ் அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் சாரும் நானும், அந்தப் பக்கம் தங்கபுஷ்பம் அக்கா தனியாக. வெளுத்த ஊதா நிறச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆபீசர் அம்மா என்னைப் பார்த்து, ஓ, கடிதம் எழுதுகிறவள் நீதானா என்றார். ஒப்பித்துவிட்டேன். அந்த வரி என்னுடையது மேடம், நிர்வாகம் சொல்லவில்லை, நானாக எழுதினேன். சார் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. தங்கபுஷ்பம் அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆபீசர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டார்.

“சரிம்மா. நீயாத்தான் எழுதினே. அப்படி எழுத உனக்கு ஏன் தோணுச்சு?”

இதற்குச் சார் எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை அக்கா. அவர் சொல்லித் தந்தது ஒரு வரிதான். நான் மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று, “அதுதானே மேடம் காரணம், எல்லாருக்கும் தெரியுமே” என்றேன்.

என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உடனே புரியவில்லை. நான் இன்னும் நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். சார் ஃபோனைக் கீழே வைத்தார். எல்லாருக்கும் எப்படித் தெரியும் என்று அந்த அம்மா கேட்டார். கடையில் முப்பது வயதுக்கு மேல் யாரும் தோளில் போட்டுக் காட்டக் கூடாது என்று விதி மேடம் என்றேன். யார் போட்ட விதி? நான் சாரைப் பார்த்தேன். யாராவது இவரிடம் நேரில் ஏதாவது சொன்னார்களா? என்ன சொன்னார்கள்? நான் மனுவில் எழுதியதையே சொன்னேன், வருந்தத்தக்க சில சொற்கள் என்று. “அதைத்தாம்மா கேக்கேன், என்ன சொல்?” என்றார்.

சிஸ்டர் கொர்னேலியா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. தங்கபுஷ்பம் அக்கா அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்தால் சமாளித்திருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. என்ன சொல்லப் போகிறாள் இவள் என்று, வேடிக்கை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். “‘உங்க தோள்ல போட்டா புதுப்பட்டும் பழசாத் தெரியுதும்மா, மேல போய் மடிங்க’ன்னு சொன்னாங்க மேடம்.”

தமிழில், அப்படியே, அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. ஏதோ நான் சொன்ன மாதிரி.

சார் உடனே, இவள் கைக்குழந்தைக்காரி, ராத்திரித் தூக்கம் கிடையாது, குழம்பிப் பேசுகிறாள் என்றார். அந்த அம்மா அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. இரண்டு தரப்பும் புதிதாக எழுதிக் கொண்டுவாருங்கள், அவரவர் கைப்பட, தமிழில், நடந்ததை நடந்தபடி என்று அடுத்த தேதி கொடுத்துவிட்டார். என்னைப் பார்த்து, “நீ யாருக்கும் எழுதிக் குடுக்காத” என்றார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் என் எழுத்தை ஒருவரும் வேண்டாம் என்றதில்லை.

வராந்தாவில் வைத்துச் சார் சொன்னார், அமைதியாகத்தான் சொன்னார். “நீ கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா. புள்ளயப் பாரு. தேவைன்னா சொல்லி அனுப்புதேன்.” நல்ல மனதோடு சொன்ன மாதிரிதான் இருந்தது. நாளைக்கு வரட்டுமா என்று கேட்டேன். கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதும் எனக்காக நிற்பார் என்று நினைத்து நின்றேன் பாருங்கள், வெயிலில்.

அப்புறம் நடந்து பாளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்கே சிமெண்டு பெஞ்சில் தங்கபுஷ்பம் அக்கா உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். சொல்லவில்லை. பிளாஸ்டிக் பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து, “நான் கையெழுத்துப் போட்டதுல என்ன எழுதியிருக்கு, தமிழ்ல சொல்லு” என்றார்.

சொன்னேன். ஒவ்வொரு வரியாக. அந்த இங்கிலீஷைத் தமிழில் சொன்னபோது அது அத்தனை சின்னதாக இருந்தது அக்கா, அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை.

“நான் சொன்னதுல ஒண்ணுகூட இதுல இல்லயே பிள்ள” என்றார்.

எவ்வளவு மரியாதையாக எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

என் கைப்பையிலிருந்து பேனாவை வாங்கினார். மனுவைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு அவரே எழுத ஆரம்பித்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு, ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. மாப்பிள்ளைகளின் அம்மாக்களைப் பற்றி எழுதினார். திருச்செந்தூர்க்காரர்கள் இன்றைக்கும் வாசலில் தன்னைக் கேட்கிறார்கள், இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள் என்று எழுதினார். மேனேஜர் சொன்ன இடம் வந்ததும் நிறுத்தி, “உள்ள சொன்னல்லா, அதே மாதிரி சொல்லு” என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். வரிசை தப்பிவிட்டது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு திருச்செந்தூர் பஸ் போய்விட்டது.

முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேப்பரை என் மடியில் வைத்தார். “கீழ சாட்சின்னு போட்டு, உம் பேர எழுது” என்றார்.

நான் எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன் தெரியுமா? ஐந்து வருஷத்தில் ஆயிரம் இருக்கும். ஒன்றில்கூட என் பேர் கிடையாது. எல்லாம் சார் பேர், முதலாளி பேர், கடை பேர். குழந்தை இருக்கிறது அக்கா என்றேன். எனக்கும் இரண்டு இருக்கிறது என்றார். வீட்டில் அவருக்கு வேலை இல்லை என்றேன். தெரியும் என்றார். அதற்கு மேல் என்னை அவசரப்படுத்தவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதாவிட்டால் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான். அது தெரிந்துதான் எனக்கு அழுகை வந்தது.

பேரை எழுதினேன். ஷெர்லின் என்று தமிழில் எழுதினேன், எனக்கே வேறு யார் பேரோ மாதிரி இருந்தது. அதற்குக் கீழே என்ன வேலை என்று போட வேண்டுமே. அங்கே நின்றுவிட்டது. சார் வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார், இப்போது எனக்கு வேலை இருக்கிறதா இல்லையா, நான் என்ன என்று எழுதுவது? தங்கபுஷ்பம் அக்காவிடம் கேட்டேன்.

“வேலை போயிட்டுன்னு எழுதிக் குடுத்தானா?” என்றார்.

இல்லை என்றேன்.

“அப்போ இருக்க. எழுது.”

அலுவலக உதவியாளர் என்று எழுதினேன் அக்கா.

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. படியில் நிற்கிறவரே, கொஞ்சம் வழி விடுங்கள்.